விலேன்களுக்கு இடையே விட்டு விட்டு அறும் தொடர்பு: கேட்வே பதில் தருகிறது, சர்வர் கிடைப்பதில்லை

கேள்வி: அம்பை_ஆலை

அனைவருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள ஓர் அரிசி ஆலையின் கணினி, வலையமைப்புப் பணிகளைக் கவனித்து வருகிறேன். எங்கள் ஸ்விட்சில் ஒரு விலேனிலிருந்து (ஸ்விட்சுக்குள் தனியாகப் பிரித்து வைத்த வலையமைப்புப் பகுதி) மற்றொரு விலேனுக்குச் செல்லும் தொடர்பு விட்டு விட்டு அறுகிறது. அடியோடு நின்றுபோனால் பழுது எங்கே என்று தேடிவிடலாம். சில நேரம் கிடைத்தும் சில நேரம் கிடைக்காமலும் இருப்பதால் எந்த முனையிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் சிஸ்கோ லேயர் 3 ஸ்விட்ச் ஒன்று உள்ளது. விலேன்களுக்கு இடையிலான ரவுட்டிங் முழுவதும் அதில்தான் நடக்கிறது. அதிலிருந்து எடைமேடை அறைக்கும் நெல் கிட்டங்கிக்கும் தனித்தனி ஃபைபர் இழுத்து, இரண்டு இடங்களிலும் ரவுட்டிங் செய்யாத லேயர் 2 ஸ்விட்சுகளை வைத்து, பல விலேன்களை ஒரே இணைப்பில் கடத்தும் டிரங்க் போர்ட் மூலம் இணைத்திருக்கிறோம். விலேன் 10-இல் எடைமேடை, கிட்டங்கி, வாயிற்கதவு ஆகிய இடங்களின் கணினிகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே வலையமைப்பாக இருந்த காலத்து 192.168.1.0 முகவரிகளே இந்த விலேனுக்குத் தொடர்கின்றன; இதன் கேட்வே, அதாவது விலேனை விட்டு வெளியே போகும் வாசல், லேயர் 3 ஸ்விட்சில் உள்ள 192.168.1.1. விலேன் 20-இல் அலுவலகக் கணினிகளும், கொள்முதல் மென்பொருளும் டேலியும் இயங்கும் சர்வரும் இருக்கின்றன. சர்வரின் முகவரி 192.168.20.10. விலேன் 30 கண்காணிப்புக் கேமராக்களுக்கானது. பிராட்பேண்ட் ரவுட்டர் விலேன் 99-இல் தனியாக இருக்கிறது. கணினிகள் எல்லாவற்றுக்கும் கையால் இட்ட நிலையான முகவரிகளே.

பிசான நெல் வரத் தொடங்கியதிலிருந்து இந்தத் தொல்லை. லாரி எடைமேடையில் ஏறி நின்று, எடையும் திரையில் வந்த பிறகு, சீட்டு அச்சிடும் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் சர்வரைத் தேடிக்கொண்டே உறைந்து நின்றுவிடுகிறது. சில வேளை ஐந்து நிமிடம், சில வேளை ஒரு மணி நேரம்கூட அப்படியே கிடக்கிறது. பின்னால் லாரிகள் சாலை வரை வரிசை கட்டுகின்றன; எடைமேடைப் பையன் கையால் சீட்டு எழுதிக் கொடுக்க, அதை இரவில் அலுவலகத்தில் மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கிறது.

குழப்பம் என்னவென்றால், எடைமேடைக் கணினிக்குச் சர்வர் கிடைக்காத நேரத்தில் கிட்டங்கிக் கணினி நன்றாக வேலை செய்கிறது. வேறொரு நேரத்தில் இது தலைகீழாக நடக்கிறது. அலுவலகத்தில், விலேன் 20-க்குள், எந்தச் சிக்கலும் இல்லை. தொடர்பு அறுந்திருக்கும் வேளையிலும் எடைமேடைக் கணினியிலிருந்து 192.168.1.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, இணையமும் திறக்கிறது. சர்வர் மட்டும் கிடைப்பதில்லை. லேயர் 3 ஸ்விட்சை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஸ்விட்சைத் தந்தவர்கள், உள்ளே ரவுட்டிங் பகுதி பழுதாகியிருக்கலாம், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். வாங்குவதற்கு முன் நான் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: குறுக்குத்துறை

புதிய ஸ்விட்சுக்கு இப்போதே பணம் கட்ட வேண்டாம். ரவுட்டிங் செய்யும் வன்பொருள் கெட்டிருந்தால் எடைமேடையும் கிட்டங்கியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டிருக்கும். ஒரே விலேனில் இருந்துகொண்டு ஒரே கேட்வேயை நம்பியிருக்கும் இரண்டு கணினிகள் வெவ்வேறு நேரங்களில் அறுகின்றன என்றால், ஒவ்வொரு கணினியும் தனக்கென்று வைத்துக்கொள்ளும் ஏதோ ஒரு தகவல்தான் மாறுபடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது எது என்பதை ஊகித்துச் சொல்வதைவிட, அறுந்திருக்கும் வேளையிலேயே பார்த்து எழுதிக்கொள்வது நல்லது.

அதற்காக ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அறுந்தால் ஸ்விட்சை அணைக்காதீர்கள். நிகழ்வுப் பதிவுகளை ஸ்விட்ச் தன் நினைவகத்தில்தான் வைத்திருக்கும். வேறு இடத்துக்கு அனுப்பும்படி நீங்கள் அமைக்கவில்லை என்றால், மின்சாரம் போனதும் அவை அழிந்துவிடும். ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபி முகவரி எந்த மேக் முகவரிக்கு, அதாவது கருவியின் வன்பொருள் முகவரிக்கு, உரியது என்பது), மேக் அட்டவணை (எந்த மேக் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பது) எல்லாமே அதோடு போய்விடும். மேலும் ஸ்விட்ச் மீண்டும் எழும்போது, தன்னுடைய கேட்வே முகவரி இன்ன மேக் முகவரிக்கு உரியது என்று விலேன் முழுவதற்கும் தானாகவே அறிவிக்கும். ஆகவே அணைத்துப் போட்டதும் சரியாகிறது என்பதால் மட்டும் ஸ்விட்சே பழுது என்று முடிவு கட்டிவிட முடியாது.

அறுந்திருக்கும்போது எடைமேடைக் கணினியில் செய்ய வேண்டியவை இவை. முதலில் 192.168.1.1-க்கு பிங் கொடுங்கள். பதில் வந்தது, வரவில்லை என்று மட்டும் குறிக்காமல், வரும் வரியை முழுமையாக எடுத்து வையுங்கள். அடுத்து 192.168.20.1-க்கு, அதாவது அதே ஸ்விட்சின் மறுபக்கக் கேட்வேக்கு பிங் கொடுங்கள். இந்தச் சோதனையை அதிகம் பேர் செய்வதில்லை, ஆனால் மிகவும் பயனுள்ளது: இது கிடைத்துச் சர்வர் கிடைக்கவில்லை என்றால் சிக்கல் விலேன் 20-இன் பக்கம், இதுவே கிடைக்கவில்லை என்றால் பாக்கெட் ஸ்விட்சின் ரவுட்டிங் வரைக்குமே போய்ச் சேரவில்லை. பிறகு ‘ஏஆர்பி -ஏ’ கட்டளை தரும் பட்டியலையும், சர்வருக்கும் ஏதாவதோர் இணையத் தளத்துக்கும் கொடுத்த ‘டிரேசர்ட்’ (பாக்கெட் கடந்துபோகும் கருவிகளை வரிசையாகக் காட்டும் கட்டளை) முடிவுகளையும் சேமியுங்கள். இவ்வளவையும் நன்றாக வேலை செய்யும் ஒரு நேரத்திலும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

ஸ்விட்சில் ‘ஷோ இன்டர்ஃபேசஸ் டிரங்க்’ பார்த்து, இரு முனைகளிலும் விலேன் 10 அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, நேட்டிவ் விலேன் (டிரங்கில் விலேன் எண் குறியிடப்படாமல் போகும் விலேன்) இரு பக்கமும் ஒன்றா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நேட்டிவ் விலேன் மாறியிருந்தால், குறியிடப்படாமல் போகும் ஃபிரேம்கள் ஒரு விலேனிலிருந்து கிளம்பி மறுமுனையில் வேறொரு விலேனுக்குள் நுழையும். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இது நேரடிக் காரணமாகத் தெரியவில்லை என்றாலும் ஒரு நிமிட வேலைதான்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. விண்டோஸின் ஃபயர்வால், தன் சப்நெட்டுக்கு (தன்னுடைய முகவரித் தொகுதிக்கு) வெளியிலிருந்து வரும் பிங்கைப் பல நேரங்களில் இயல்பாகவே தடுத்துவிடும். சர்வருக்கு எப்போதுமே பிங் போகவில்லை என்பதை வைத்து விலேன் தொடர்பு அறுந்ததாகக் கணக்கிட்டால் வீணாக அலைய வேண்டிவரும். கொள்முதல் மென்பொருள் பயன்படுத்தும் போர்ட் திறக்கிறதா என்று பார்ப்பதே சரியான சோதனை.

மறுமொழி: வண்ணார்பேட்டை_2

குறுக்குத்துறை சொன்னவற்றோடு ஸ்பானிங் ட்ரீயையும் (ஸ்விட்சுகளுக்கு இடையே வளையம் உண்டாகாமல் உபரி வழிகளை அடைத்துவைக்கும் முறை) பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆலைகளில் பெரிய மோட்டார் கிளம்பும்போது மின்னழுத்தம் சரிந்து, யூபிஎஸ் இல்லாத ஸ்விட்ச் அணைந்து எழுவதைப் பார்த்திருக்கிறேன். கிட்டங்கி ஸ்விட்ச் அதன் மையமான ரூட் பிரிட்ஜாக அமைந்துவிட்டிருந்தால், அது எழும் ஒவ்வொரு முறையும் மொத்த வலையமைப்பும் வழியை மறுபடியும் கணக்கிடும். பழைய வகை ஸ்பானிங் ட்ரீயில் ஒரு போர்ட் கேட்பு நிலையில் 15 விநாடியும் கற்றல் நிலையில் 15 விநாடியும் கழித்த பிறகுதான் தகவலைக் கடத்தத் தொடங்கும். எல்லா ஸ்விட்சுகளிலும் முன்னுரிமை எண் 32768 என்றே விடப்பட்டிருந்தால், மேக் முகவரி சிறியதாக உள்ளதே ரூட் ஆகும். நடைமுறையில் அது பெரும்பாலும் இருப்பதிலேயே பழைய ஸ்விட்சாக இருந்து தொலைக்கிறது. ‘ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல்’ கொடுத்தால், டோபாலஜி (இணைப்பு அமைப்பு) மாற்றம் எத்தனை முறை நடந்தது, கடைசியாக எப்போது, எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று மூன்றும் தெரியும்.

மற்றொன்று, கால அளவுகளின் பொருத்தமின்மை. சிஸ்கோ ஸ்விட்சில் ஏஆர்பி பதிவு இயல்பாக 4 மணி நேரம் தங்கும்; மேக் பதிவோ 300 விநாடியில் நீங்கிவிடும். போகும் பாதையும் திரும்பும் பாதையும் வேறாக இருக்கும் வலையமைப்புகளில், ஏஆர்பி இருந்தும் மேக் இல்லாத நிலை உண்டாகி, ஸ்விட்ச் அந்த ஃபிரேம்களை விலேனின் எல்லாப் போர்ட்டுகளுக்கும் இறைக்கும். கேமராக்களின் போக்குவரத்தும் சேர்ந்தால் இணைப்பு திணறும்.

மறுமொழி: தென்காசிச்_சாரல்

அண்ணாச்சி, ஐப்பசி இடியில் ஏதாவது போர்ட் அடிபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் என்று சொல்கிறீர்கள். ஆனால் கட்டடத்துக்கு வெளியே உள்ள கேமராக்களுக்குச் செப்புக் கேபிள்தானே போகிறது? இடி நேராக விழ வேண்டியதில்லை. அடிபட்ட போர்ட் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், ஆனால் சிஆர்சி பிழைகள் (சிதைந்து வந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போகும். ‘ஷோ இன்டர்ஃபேசஸ்’ போட்டு அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, பிறகு மற்ற ஆராய்ச்சிகளுக்குப் போகலாம்.

கேட்டவர்: அம்பை_ஆலை

மூவருக்கும் நன்றி. கேட்டவற்றை எடுத்துவிட்டேன்.

சிஆர்சி பிழை ஃபைபர் போர்ட்டுகள் இரண்டிலும் பூச்சியம். வெளிக் கேமராக்களின் போர்ட்டுகளிலும் பூச்சியம்தான். டிரங்குகளில் விலேன் 10, 30 இரு முனைகளிலும் அனுமதிக்கப்பட்டுள்ளன. நேட்டிவ் விலேனும் இரு பக்கமும் ஒன்றே. அலுவலக ஸ்விட்சே ரூட் பிரிட்ஜ். தொடர்பு அறுந்த நேரத்தை ஒட்டி எந்த டோபாலஜி மாற்றமும் பதிவாகவில்லை. ஸ்விட்சுகள் மூன்றும் யூபிஎஸ்ஸில்தான் இருக்கின்றன.

இரவு லோடு வந்துகொண்டிருந்தபோது எடைமேடைக் கணினி மறுபடியும் அறுந்தது. ஸ்விட்சைத் தொடாமல் சோதனைகளைச் செய்தேன். 192.168.1.1-க்குப் பதில் வந்தது; 192.168.20.1-க்கு வரவில்லை. அதே நிமிடத்தில் கிட்டங்கிக் கணினியிலிருந்து 192.168.20.1-க்குப் பதில் வந்தது. கொள்முதல் மென்பொருளின் போர்ட்டும் எடைமேடையிலிருந்து திறக்கவில்லை, கிட்டங்கியிலிருந்து திறந்தது.

எடைமேடையில் எடுத்த பிங் வரிகள்:

நன்றாக உள்ளபோது: 192.168.1.1 இலிருந்து பதில்: பைட்டுகள் 32, நேரம் 1 மி.வி., டிடிஎல் 255
அறுந்தபோது: 192.168.1.1 இலிருந்து பதில்: பைட்டுகள் 32, நேரம் 1 மி.வி.க்குக் குறைவு, டிடிஎல் 64

ஏஆர்பி பட்டியலில் 192.168.1.1-க்கு நேரே உள்ள மேக் முகவரி நல்ல நேரத்தில் 4731 என்று முடிகிறது. அறுந்த நேரத்தில் 9062 என்று முடிகிறது. சர்வருக்கான டிரேசர்ட்டில் முதல் வரியில் 192.168.1.1 வந்து, அதற்குப் பிறகு எல்லாம் நட்சத்திரக் குறிகளே. இணையத் தளத்துக்கான டிரேசர்ட்டில் நல்ல நேரத்தில் இரண்டாவது வரி எங்கள் பிராட்பேண்ட் ரவுட்டரின் 192.168.99.1. அறுந்த நேரத்தில் இரண்டாவது வரியில் 10 என்று தொடங்கும், எங்கள் வலையமைப்பில் எங்கும் இல்லாத ஒரு முகவரி வருகிறது.

மேக் முகவரி ஏன் மாறுகிறது? ஸ்விட்சுக்குள் இரண்டு மேக் முகவரிகள் இருக்குமா?

மறுமொழி: குறுக்குத்துறை

இருக்கலாம்தான், ஆனால் இங்கே நடப்பது அதுவன்று. உங்கள் விலேன் 10-இல் 192.168.1.1 என்ற முகவரியை வைத்துக்கொண்டு இரண்டாவது கருவி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் எடுத்த ஒவ்வொரு வரியும் அதையே சொல்கிறது.

டிடிஎல் எண்ணைப் பாருங்கள். பாக்கெட் கடக்கும் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும் எண் அது. ஒரே சப்நெட்டுக்குள் வரும் பதிலில் அந்த எண் குறைவதில்லை. பதில் தரும் கருவி எந்த எண்ணை இட்டு அனுப்பியதோ அதுவே வந்து சேரும். சிஸ்கோ ஸ்விட்ச் 255 இட்டு அனுப்பும், விண்டோஸ் 128, லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட சிறு ரவுட்டர்கள் பெரும்பாலும் 64. ஒரே முகவரி ஒரு நேரம் 255 என்றும் இன்னொரு நேரம் 64 என்றும் பதில் தருமானால், பதில் சொல்பவர் ஒருவரல்லர். மேக் முகவரியின் கடைசி இலக்கங்கள் மாறியது இதை உறுதிப்படுத்துகிறது. கேட்வேக்கு பிங் போகிறது என்று முதலில் எழுதியிருந்தீர்கள். போனது உண்மை, போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

இணையம் ஏன் வேலை செய்தது என்பதற்கும் விடை டிரேசர்ட்டில் இருக்கிறது. அந்தக் கருவிக்குச் சொந்தமாக வெளியே ஒரு வழி இருக்கிறது. சிம் அட்டை போட்ட 4ஜி வைஃபை ரவுட்டர் என்று என் ஊகம். மொபைல் நிறுவனங்கள் உள்வலைக்குத் தனிவகை முகவரிகளைப் பயன்படுத்துவதால்தான் இரண்டாவது வரியில் 10 என்று தொடங்கும் முகவரி தெரிகிறது. இணையத்துக்கான பாக்கெட்டை அது மொபைல் வழியாக அனுப்பிவிடுகிறது. 192.168.20.10-க்கான பாக்கெட்டையும் அதே வழியில்தான் தள்ளும். அங்கே அதை ஏற்பார் யாருமில்லை. உங்கள் விலேன் 20 இருப்பதே அதற்குத் தெரியாது.

கணினிக்குக் கணினி ஏன் வேறுபடுகிறது என்றால், ஏஆர்பி கேள்வி விலேன் முழுவதற்கும் பரவும்போது இரண்டு கருவிகளும் பதில் தருகின்றன. எந்தப் பதில் அந்தக் கணினியின் பட்டியலில் நிலைக்கிறதோ அதைப் பொறுத்துத் தொடர்பு கிடைக்கும் அல்லது அறும். விலேன் 10 டிரங்குகள் வழியாக மூன்று ஸ்விட்சுகளிலும் விரிந்திருப்பதால், கருவி எந்தக் கட்டடத்தில் இருந்தாலும் அதன் பதில் எல்லாக் கட்டடங்களுக்கும் போகும். விண்டோஸ் ஒரு பதிவை 15 முதல் 45 விநாடி வரைதான் உறுதியானதாகக் கொள்ளும் என்றாலும், அதன்பின் சரிபார்க்கும்போது ஏற்கெனவே தெரிந்த மேக் முகவரியிடமே முதலில் கேட்கும். அங்கிருந்து பதில் வந்துவிட்டால் அந்தப் பதிவே தொடரும். அதனால்தான் அறுந்த கணினி நெடுநேரம் அறுந்தே கிடக்கிறது, நன்றாக உள்ளது நன்றாகவே இருந்துவிடுகிறது. ஸ்விட்சை அணைத்துப் போட்டபோது அது செய்த அறிவிப்பைக் கேட்டுக் கணினிகள் தங்கள் பதிவைத் திருத்திக்கொண்டன. உங்களுக்குக் குணமானதாகத் தெரிந்தது.

கண்டுபிடிப்பது எளிது. அலுவலக ஸ்விட்சில் ‘ஷோ லாகிங்’ கொடுங்கள். விலேன் 10-இல் 192.168.1.1 இரட்டை முகவரி என்றும், எந்த மேக் முகவரியிலிருந்து வந்தது என்றும் ஒரு வரி இருக்க வேண்டும். பிறகு ‘ஷோ மேக் அட்ரஸ்-டேபிள்’ பட்டியலில் 9062 என்று முடியும் முகவரியைத் தேடுங்கள். அது டிரங்க் போர்ட்டைக் காட்டினால் அந்த டிரங்கின் மறுமுனையில் உள்ள ஸ்விட்சுக்குப் போய் அதே கட்டளையைக் கொடுங்கள். ஏதாவதோர் ஆக்ஸஸ் போர்ட்டில் (கருவியை நேராகச் செருகும் போர்ட்) போய் முடியும். அறுந்திருக்கும் வேளையிலேயே தேடுங்கள், ஏனென்றால் கருவியை அணைத்து 300 விநாடி கடந்தால் பதிவு போய்விடும். மேக் முகவரியின் முதல் பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும் என்பதால், எப்படிப்பட்ட பெட்டியைத் தேடுகிறோம் என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

வண்ணார்பேட்டை_2 சொன்ன ஏஆர்பி, மேக் கால வேறுபாடு உண்மையான சிக்கல்தான். ஆனால் அது வேகத்தைக் குறைக்குமே தவிர, ஒரு கணினிக்கு மட்டும் வழியை மாற்றிவிடாது.

கேட்டவர்: அம்பை_ஆலை

கிடைத்துவிட்டது. பதிவில் இரட்டை முகவரி பற்றிய வரி திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மேக் முகவரி எடைமேடை ஸ்விட்சின் 6-ஆம் போர்ட்டில் போய் முடிந்தது. அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால், அச்சு இயந்திரத்துக்குப் பின்னால், எடைச்சீட்டுக் கட்டுகளுக்கு மேல் ஒரு 4ஜி வைஃபை ரவுட்டர் இருக்கிறது. தகரக் கூரை போட்ட அந்த அறைக்குள் கைபேசிக்குச் சிக்னல் எட்டுவதில்லை என்பதால், இரவுப் பணியாளர்கள் ஜன்னலோரம் வைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நெல் வரத்து தொடங்கியபோது, ஆலையின் கேமராக்களையும் கைபேசியில் பார்க்கலாம் என்று யாரோ அதன் லேன் போர்ட்டிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு கேபிளைச் செருகிவிட்டார்கள். இரவுப் பணி தொடங்கும்போது போடுவார்கள், காலையில் சில நாள் அணைப்பார்கள், சில நாள் மறந்துவிடுவார்கள். விட்டு விட்டு வந்ததன் கதை இதுதான். அதன் தொழிற்சாலை முகவரி 192.168.1.1 என்று அடியில் ஒட்டியே இருக்கிறது.

கேபிளை உருவிவிட்டேன்; எடைமேடைக் கணினியின் ஏஆர்பி பட்டியலை அழித்ததும் சர்வர் உடனே கிடைத்தது. ஆனால் அவர்களுக்கு வைஃபை தேவை என்பது நியாயமானதுதான். நாளைக்கு வேறொருவர் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்து செருகினாலும் எடைமேடை நிற்கக் கூடாது. நிரந்தரமாக என்ன செய்யலாம்?

மறுமொழி: வண்ணார்பேட்டை_2

ஏஆர்பி இன்ஸ்பெக்‌ஷனை இயக்குங்கள். எந்தப் போர்ட்டிலிருந்து எந்த முகவரிக்கு யார் உரிமை கொண்டாடலாம் என்று ஸ்விட்சே சரிபார்த்து, பொருந்தாத பதிலைத் தூக்கி எறிந்துவிடும். உங்களிடம் நிலையான முகவரிகள் இருப்பதால் டிஎச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் முறை) வழங்குவதைக் கவனித்து டிஎச்சிபி ஸ்னூப்பிங் உருவாக்கும் பட்டியலை நம்ப முடியாது. ஒவ்வொரு கணினியின் முகவரியையும் மேக்கையும் ஏஆர்பி அனுமதிப் பட்டியலில் கையால் எழுத வேண்டும். டிரங்க் போர்ட்டுகளை நம்பகமானவை என்று குறிக்க மறந்தால் ஆலை முழுவதும் நின்றுவிடும். நம்பகமற்ற போர்ட்டில் இயல்பான வரம்பு விநாடிக்கு 15 ஏஆர்பி பாக்கெட்டுகள் என்பதையும், அதைத் தாண்டினால் போர்ட்டே மூடிக்கொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுமொழி: குறுக்குத்துறை

மூன்று கணினிகளுக்கு அது பெரிய ஏற்பாடு என்று நினைக்கிறேன். எழுதியவர் விடுப்பில் போயிருக்கும் நாளில் ஒரு கணினியை மாற்றினால், புதிய மேக்கைப் பட்டியலில் சேர்க்கத் தெரியாமல் எல்லோரும் விழிக்க வேண்டியிருக்கும். பயன்படாத போர்ட்டுகளை ஷட் டவுன் செய்வதும், பயன்படும் ஆக்ஸஸ் போர்ட்டுகளில் போர்ட் செக்யூரிட்டி வைத்து ஒரு மேக் முகவரியை மட்டும் அனுமதிப்பதும் போதும். மீறினால் போர்ட் மூடிக்கொள்வதே அதன் இயல்பான நடத்தை. அப்படி மூடினால் செருகிய ஆளே உங்களைத் தேடி வருவார்.

வைஃபைக்கு விலேன் 40 என்று ஒன்றை உருவாக்கி, எடைமேடை ஸ்விட்சில் ஒரு போர்ட்டை அதற்கு ஒதுக்குங்கள். டிரங்கில் அந்த விலேனையும் சேர்க்க வேண்டும். அதே பெட்டியின் முகவரியை 192.168.40.2 என்று மாற்றி, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, சிம்மையும் எடுத்துவிட்டு, லேன் போர்ட்டில் இணைத்தால் வெறும் ஆக்ஸஸ் பாயின்ட்டாக வேலை செய்யும். அந்த ஒரு போர்ட்டில் மட்டும் மேக் எண்ணிக்கை வரம்பு வேண்டாம், கைபேசிகளின் மேக் முகவரிகள் அதன் வழியாகத்தான் வரும். கைபேசிகளுக்கு முகவரியை லேயர் 3 ஸ்விட்சே வழங்கட்டும். விலேன் 40-இன் நுழைவில், 192.168.0.0 தொடங்கி 192.168 முழுவதையும் மறுத்து மற்றவற்றை அனுமதிக்கும் விதியை வைத்தால் சர்வர் பக்கம் எவரும் எட்டிப் பார்க்க முடியாது. அந்த மறுப்புக்கு மேலே, 192.168.40.1-இன் டிஎச்சிபி போர்ட்டான 67-க்கு ஓர் அனுமதி வரி எழுதிவிடுங்கள். முதல் முறை முகவரி கேட்கும்போது கைபேசி எல்லோருக்குமாகக் கூவுவதால் அந்த வரி இல்லாமலும் முகவரி கிடைத்துவிடும். ஆனால் முகவரியைப் பெற்ற தவணையின் பாதியில் அதைப் புதுப்பிக்கும்போது நேராக 192.168.40.1-ஐத் தேடும், அது மறுக்கப்படும். விதியை எழுதியவர்கள் பலரும் இதைக் கவனிப்பதில்லை. கேமராக்களைக் கைபேசியில் பார்க்க வேண்டுமென்றால், ரெக்கார்டரின் ஒரே ஒரு முகவரிக்கு, அதற்குரிய போர்ட்டுக்கு மட்டும், அதே இடத்தில் இன்னொரு வரி போதும். அதற்கு முன் முதலாளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதிவுகளை ‘லாகிங் ஹோஸ்ட்’ மூலம் சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். ஸ்விட்சின் கடிகாரமும் சரியாக இருக்கட்டும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது விலேன் 10-இன் முகவரியை மாற்றுவதுதான். கடையில் வாங்கும் சிறு ரவுட்டர்களில் பெரும்பாலானவை 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. அந்த முகவரியை ஆலையின் கேட்வேயாக வைத்திருக்கும் வரை, யார் எதைச் செருகினாலும் முதலில் அடிபடுவது எடைமேடைதான்.

கேட்டவர்: அம்பை_ஆலை

விலேன் 40-ஐயும் போர்ட் செக்யூரிட்டியையும் அமைத்துவிட்டேன். டிஎச்சிபி வரியும் போட்டாயிற்று. முகவரி மாற்றம்தான் மலைப்பாக இருக்கிறது. நெல் வரத்து குறையும் வரை எடைமேடையை நிறுத்த முடியாது. எல்லாக் கணினிகளையும் ஒரே நேரத்தில்தான் மாற்ற வேண்டுமா?

மறுமொழி: குறுக்குத்துறை

வேண்டியதில்லை. விலேன் 10-இன் இன்டர்ஃபேஸில் இப்போதுள்ள முகவரியை அப்படியே விட்டு, 10.77.10.1 போன்ற ஒன்றை ‘செகண்டரி’ என்று கூடுதலாகச் சேர்க்கலாம். அதன்பின் வாயிற்கதவுக் கணினி, கிட்டங்கிக் கணினி, கடைசியாக எடைமேடை என்று உங்கள் வசதிப்படி ஒவ்வொன்றாகப் புதிய முகவரிக்கு மாற்றுங்கள். இடைக்காலத்தில் பழைய முகவரியில் உள்ளவையும் புதியதில் உள்ளவையும் ஸ்விட்ச் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சர்வரின் ஃபயர்வாலிலும் கொள்முதல் மென்பொருளிலும் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள் எங்காவது எழுதப்பட்டிருக்கின்றனவா என்று முன்னதாகவே தேடிப் புதியவற்றைச் சேர்த்துவிடுங்கள். எடைச்சீட்டு அச்சு இயந்திரம் வலையமைப்பில் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம்.

எல்லாம் மாறிய பிறகு புதியதை முதன்மை முகவரியாக்கிப் பழையதை நீக்கலாம். அந்தக் கடைசி மாற்றத்தை மட்டும் எடைமேடையில் லாரி இல்லாத நேரம் பார்த்து, கன்சோல் கேபிள் மூலம் செய்யுங்கள். விலேன் 10-இல் உள்ள கணினியிலிருந்து ஸ்விட்சுக்குள் நுழைந்து அதே விலேனின் முகவரியை மாற்றினால், பாதிக் கட்டளையில் உங்கள் இணைப்பே அறுந்துவிடும்.